யார் கையிலும் இல்லாத மூன்று விநாடி

பயிற்சி ஹெலிகாப்டர் புல்தரையில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே இருந்த இருவரும் சிராய்ப்போடு தப்பினார்கள். ஆசான், கேப்டன் பாக்கியநாதன். மாணவி, செண்பகவல்லி.

மறுநாளே ஆசான் எழுதிய விபத்து அறிக்கை தயார். காரணம்: மாணவியின் கவனக்குறைவு. அவள் கையெழுத்துப் போட்டால் பைலட் பயிற்சிப் பள்ளியைவிட்டுப் போகவேண்டியதுதான்.

தாளோடு ஆசானிடம் வந்தாள்.

“காரணம் இது ஒண்ணுதானா சார்?”

“கன்ட்ரோலை உனக்குக் கொடுத்தேன். நீ பிடிக்கல.”

“எப்படிக் கொடுத்தீங்க?”

“தலையசைச்சேன்.”

அந்தப் பள்ளியில் அது ஒரு பெருமை. விதிப்படி, கன்ட்ரோலைக் கொடுப்பவர் ‘உன் கையில்’ என்று சொல்ல வேண்டும். வாங்குபவர் ‘என் கையில்’ என்று சொல்ல வேண்டும். கொடுப்பவர் மறுபடி ‘உன் கையில்’ என்ற பிறகே கையை விட வேண்டும். பாக்கியநாதனோ தலையை அசைப்பார். அது புரிந்தால்தான் அவர் சிஷ்யன் என்று கேன்டீன்வரை பேச்சு.

“நான் தரையைப் பார்த்துட்டிருந்தேன். பார்க்கச் சொன்னதே நீங்கதான். மூணு விநாடி அது யார் கையிலயும் இல்ல சார்.”

“ஹெலிகாப்டர் ஆட ஆரம்பிச்சதும் ‘யார் கையில’ன்னு கேட்டிருக்கலாமே?”

“போன மாசம் ஒருத்தன் கேட்டான். ‘நீ டவுன் பஸ் ஓட்டத்தான் லாயக்கு’ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. கேக்கற வாயை அடைச்சிட்டு, கேக்கலன்னு எழுதினா என்ன நியாயம்?”

ஆசான் ஹெல்மெட்டை எடுத்தார். “கையெழுத்துப் போடறவரைக்கும் நீ மாணவிதான். வா.”

இருவரும் ஏறிய இன்னொரு ஹெலிகாப்டர் ஆறடி உயரத்தில் நின்றது. ஆசான் தலையசைத்தார்.

அவள் கைகள் மடியிலேயே இருந்தன.

மறுபடி அசைத்தார்.

“இப்பதான் என்னையே பார்க்கறியே, பிடி!”

“பொண்ணு பார்க்க வந்தவங்கதான் சார் தலையாட்டுவாங்க. நீங்க வாயைத் திறந்து சொல்லுங்க.”

ஆசான் சிரித்துவிட்டார்.

“உன் கையில்.”

“என் கையில்.”

“உன் கையில்.”

ஹெலிகாப்டர் ஆணி அடித்ததுபோல் அந்தரத்தில் நின்றது. அவள் அதை ஒருமுறை முழுதாகத் திருப்பி, புல் நோகாமல் இறக்கினாள்.

இறங்கியதும் ஆசான் தாளை வாங்கினார். ‘மாணவியின்’ என்பதை அடித்து ‘ஆசானின்’ என்று எழுதினார்.

“நான் எங்க சார் கையெழுத்துப் போடணும்?”

“இது தலையசைச்சவன் போடற இடம். உன் இடம் பைலட் உட்கார்ற வலது சீட். காலையில ஆறு மணிக்கு வந்துடு.”