நாலாவது நரம்பு

கோவில்பட்டிக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை விட்டு விலகி ஒரு சின்னக் கண் மருத்துவமனை இருந்தது. தலைமை மருத்துவர் சண்பகவல்லி. கண்ணை அசைக்கும் நரம்புகளைப் பற்றிச் சந்தேகம் வந்தால், சுற்று வட்டாரத்து மருத்துவர்கள் அவரிடம்தான் ஆளை அனுப்புவார்கள். வயது நாற்பத்தாறு. மருத்துவமனைக்குப் பின்னாலேயே வீடு. தனியாக இருந்தார்.

அவரிடம் கற்க வந்தவர் ஞானதிரவியம். ஐம்பத்து மூன்று வயது. இருபத்தைந்து வருடம் அரசு மருத்துவமனைகளில் கண்புரை அறுவை செய்தவர். வேலையை விட்டுவிட்டு, கண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார். தன்னைவிட ஏழு வயது இளைய ஆசிரியை அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார்.

ஒரு நாள் பனையேறி ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்தாள். மரத்திலிருந்து விழுந்தவர். உடம்பில் பெரிய காயம் இல்லை. தலை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

“கழுத்து எக்ஸ்ரே எடுத்தாச்சு மேடம். ஒண்ணும் இல்லை” என்றார் ஞானதிரவியம்.

சண்பகவல்லி மனைவியைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க.”

“சுளுக்குன்னு எண்ணெய் போட்டு நீவுனேன் டாக்டரம்மா. உறங்கையில இவிய தலை நேரா இருக்கு. முழிச்சா சரியுது. அப்பம் சுளுக்கு இல்லல்லா?”

“உறங்கையில பாத்தீங்களா?”

“எட்டு நாளா பாத்துக்கிட்டுதான கெடக்கேன்.”

சண்பகவல்லி பனையேறியின் தலையை இரு கைகளாலும் பிடித்து நிமிர்த்தினார். “இப்போ என்னை எப்படித் தெரியுது?”

“ரெண்டு டாக்டரம்மா. ஒண்ணுக்கு மேல ஒண்ணு.”

விட்டதும் தலை மறுபடி சாய்ந்தது. “இப்போ?”

“ஒரே ஆளு.”

அவர்கள் போன பிறகு ஞானதிரவியம் கேட்டார். “நாலாவது நரம்பா மேடம்?”

“ஆமா. மூணாவது நரம்பு போனா இமை விழுந்துடும், ஊருக்கே தெரியும். ஆறாவது போனா கண்ணு மூக்குப் பக்கம் திரும்பி நின்னுடும், அதுவும் தெரியும். நாலாவது நூல் மாதிரி. அது இழுக்கிறது ஒரே ஒரு தசையை. மத்ததெல்லாம் மூளைக்கு முன்பக்கமாக் கிளம்ப, இது மட்டும் பின்பக்கமாக் கிளம்பி, சுத்திக்கிட்டு வருது. தலைக்குள்ள அதுக்குத்தான் தூரம் அதிகம்.”

“நான் கண்டுபிடிச்சிருக்கணும்.”

“நீங்களும் கண்டுபிடிக்கல, நானும் கண்டுபிடிக்கல. அந்தம்மா கண்டுபிடிச்சாங்க.”

ஜன்னலுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில், மனைவி பனையேறியின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சண்பகவல்லி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்த வருடம் ஆடி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, சண்பகவல்லியின் தலை இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பதை ஞானதிரவியம் கண்டார்.

முதலில் தற்செயல் என்று நினைத்தார். மறுநாளும் சாய்ந்திருந்தது. படிக்கும்போது சாய்ந்திருந்தது. மாடி நூலகத்திலிருந்து இறங்கும்போது சண்பகவல்லி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கால் வைத்தார்.

“புதுக் கண்ணாடி. இன்னும் பழகல” என்று நர்ஸிடம் சொன்னார்.

வலது கண், நாலாவது நரம்பு. ஞானதிரவியத்துக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மேடத்துக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் இருக்க வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பவரிடம் போய்ச் சொல்வதா?

ஒரு தடவை தாழ்வாரத்தில் அவர் முன்னால் போய் நின்றார்.

“என்ன?” என்றார் சண்பகவல்லி, தலையைச் சாய்த்தபடி.

“வெள்ளிக்கிழமை லீவு வேணும் மேடம்.”

“எடுத்துக்கோங்க.”

நோயாளிகளுக்கு அந்தச் சாய்வு பிடித்திருந்தது. “டாக்டரம்மா இப்பல்லாம் எம்புட்டுப் பிரியமாக் கேக்காவ, பாத்தியளா?” என்று காத்திருந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஞானதிரவியமும் சிரித்துவைத்தார்.

சொல்லத்தான் இல்லையே தவிர, மற்ற எல்லாவற்றையும் செய்தார். மாடியிலிருந்து புத்தகங்களைத் தானே எடுத்து வந்தார். ஆசிரியை படி இறங்கினால் ஏதோ காரணம் சொல்லி இரண்டு படி முன்னால் இறங்கினார். தரையில் கிடந்த வயரைச் சுவரோரம் ஒதுக்கிக் கட்டினார்.

பிறகு ஒரு நாள், மைத்துனரின் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு நாசரேத் போனார். அன்று சண்பகவல்லி மாடிப்படியில் விழுந்தார்.

ஞானதிரவியம் திரும்பி வந்தபோது ஆசிரியையின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது. நெற்றியில் நாலு தையல். பின்வீட்டில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஞானதிரவியம் அந்த வீட்டுக்குள் அதுவரை வந்ததில்லை.

“கீழே பாத்தப்ப ரெண்டு படி தெரிஞ்சுது. இல்லாத படியில கால வச்சேன்” என்றார் சண்பகவல்லி. “உக்காருங்க. என்னைப் பரிசோதனை பண்ணுங்க.”

“மேடம், நான்...”

“பண்ணுங்க.”

ஞானதிரவியம் விரலைக் காட்டி அசைத்தார். ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்தார். கடைசியாக அவர் தலையை இரு கைகளாலும் பிடித்து வலப்பக்கம் சாய்த்தார். வலது கண் மேலே ஏறியது.

“சொல்லுங்க.”

“வலது கண். நாலாவது நரம்பு.”

“காரணம்?”

“ஆஸ்பத்திரியில எடுத்த ரத்தத்துல சர்க்கரை முந்நூத்திப் பத்து இருக்கு மேடம். அதுவாத்தான் இருக்கும். ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம். மூணு நாலு மாசத்துல சரியாயிடும்.”

“சரி. எத்தனை நாளா?”

“விழுந்து ரெண்டு நாள்...”

“அதில்லை. உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?”

ஞானதிரவியம் தரையைப் பார்த்தார். “முப்பத்தெட்டு நாளா.”

சண்பகவல்லி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியே, “ஓ.பி.யில கூட்டம் இருக்கும். போங்க” என்றார்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். கட்டுப் பிரித்ததும் சண்பகவல்லி வேலைக்கு வந்தார். முன்பு போலவே கற்பித்தார். எதையும் மறைக்கவில்லை, எதிலும் கோபம் காட்டவில்லை. அதுதான் ஞானதிரவியத்தைத் தூங்கவிடவில்லை.

கார்த்திகையில் நரம்பு மீண்டது. தலை நிமிர்ந்தது. “முன்ன மாதிரி டாக்டரம்மா இப்ப காது குடுத்துக் கேக்கதில்ல” என்று ஒரு பெண் குறைப்பட்டுக்கொண்டாள்.

அன்று மதியம், கடைசி நோயாளி போன பிறகு, ஞானதிரவியம் கதவருகே நின்றார்.

“மேடம். ஏன் சொல்லலன்னு நீங்க என்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்லை.”

சண்பகவல்லி ஃபைலை மூடினார். “சொல்லுங்க. ஏன் சொல்லல?”

“உங்களுக்குத் தெரியாம இருக்குமான்னு நினைச்சேன்.”

“எப்படித் தெரியும்? சாய்ச்சா ஒண்ணாத் தெரியுது. படியில தடுமாறினது புதுக் கண்ணாடியாலன்னுதான் நினைச்சேன். கண்ணாடி முன்னால நின்னாலும், அதுல இருக்கறவளும் என்னை மாதிரியேதான் நிக்கிறா.”

“ரெண்டு மூணு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு மேடம். ஆனா நீங்க என் ஆசிரியை. உங்க தலை சாஞ்சிருக்குன்னு உங்ககிட்டயே எப்படிச் சொல்றது? பயம் இல்ல. மரியாதை.”

சண்பகவல்லி மேசை விளக்கை அணைத்தார். எழுந்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“பாத்துச் சொல்ல வீட்லதான் எனக்கு யாரும் இல்லைன்னு நினைச்சிருந்தேன்” என்றார்.