சட்டை என்ன நிறம்?

குடியேற்றச் சட்டத்தில் புதிதாக வந்திருப்பவை பற்றி வக்கீல்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. பாதிப்பேர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள். அவர்கள்கூடப் புது விதி ஒன்றைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இனி அகதியை அதிகாரி தனியாக விசாரிப்பார். வக்கீல் வெளியே உட்கார வேண்டும். அதிகாரி கேட்டதையே திரும்பக் கேட்பார். பதில் மாறினால் மனு தள்ளுபடி. ஆளைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

இடைவேளையில் எல்லோரும் காபிக்குப் பாய, வக்கீல் சபாநாயகம் மட்டும் மேடைக்கு வந்தார். காலமெல்லாம் நிலத் தகராறு பார்த்தவர். அகதி வழக்குக்குப் புதுசு. பாடம் எடுத்த பியாட்ரிஸுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

"மேடம், நாளைக்கு என் கட்சிக்காரம்மாவுக்கு விசாரணை. ராசமலர்னு, மன்னார்க்காரங்க. மகளோட படகுல வந்தவங்க. திருப்பி அனுப்பினா உயிருக்கே உத்தரவாதம் இல்லை. எப்படித் தயார் பண்றது?"

"உட்காருங்க சார். காலைல எப்படி வந்தீங்க?"

"ஆட்டோல."

"டிரைவர் சட்டை என்ன நிறம்?"

"காக்கி."

"கிளம்பறப்போ வீட்டுல என்ன சொன்னாங்க?"

"குடை எடுத்துட்டுப் போங்கன்னா."

பியாட்ரிஸ் அவருடைய ஊர், படிப்பு என்று ஏதேதோ விசாரித்தாள். சபாநாயகமும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார்.

"கிளம்பறப்போ வீட்டுல என்ன சொன்னாங்க?"

"மாத்திரை போட்டீங்களான்னு..."

"குடைன்னீங்களே?"

"அதையும் சொன்னா."

"சட்டை?"

"நீலம். இல்ல, காக்கி. காக்கி சீட்டு மேல கிடந்தது..."

பியாட்ரிஸ் அவரையே பார்த்தாள். அவருடைய கழுத்துப்பட்டை நனைந்துவிட்டது. ஏசி என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நான் பொய் சொல்லலை மேடம்!"

"பொய்னு யார் சொன்னா? பதில் மாறிச்சு. நீங்க கிளம்பலாம்."

"எங்கே?"

"வந்த இடத்துக்கு."

அவர் வந்தது பெரம்பூரிலிருந்து. அப்படியும் பாதி எழுந்துவிட்டார்.

"சட்டை நிறம் நிஜமா தெரியுமா சார்?"

"தெரியாது."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"நீங்க கேட்டீங்க. சொல்லலைன்னா தப்பா எடுத்துப்பீங்களோன்னு பயம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. குரல் இறங்கிப்போயிற்று.

"மேடம், எது கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மான்னு அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். சாட்சிகளை எப்பவும் அப்படித்தான் தயார் பண்றது. படகு ஏறின தேதி, படகுக்காரன் பேரு, எல்லாம் நானே போட்டுக் குடுத்து ஒப்பிக்க வெச்சேன்."

"அவங்களுக்குச் சொந்தமா எதுவும் ஞாபகம் இல்லையா?"

"இருட்டுல மக அழுதாளாம். ரோந்துக் கப்பலுக்குக் கேட்டுடுமோன்னு வாயைப் பொத்தினாங்களாம். வேற எதுவும் தெரியாதுங்கறாங்க. அதை வெச்சு நான் என்ன பண்ண?"

"எந்தக் கையால பொத்தினாங்க?"

"கேட்கலையே."

காபி முடித்தவர்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். பியாட்ரிஸ் மைக்கைக் கையில் எடுத்தாள்.

"வகுப்பு கிடக்கட்டும், போய்க் கேளுங்க சார். திரும்பத் திரும்பக் கேட்டுப் பாருங்க, பதில்ல அந்தக் கை மாறுதான்னு."