எரு போன வழி

கேளுங்க மக்களே! கடலோரச் சீமையை ஆண்ட ராஜா ஒருவர். அவர் சீமையிலே பாதி வெறும் மணல். அந்த மணலைக் குடியானவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். "கிழங்கு விளைஞ்சா நிலம் உங்களுக்கு. என் தொழுவத்து எருவையும் அள்ளிக்கிடுங்க" என்றார்.

கொம்பையாவும் அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சியும் கைப்பிள்ளையோடு அங்கே குடியேறி, சர்க்கரைவள்ளிக் கொடி நட்டார்கள். கொம்பையா வண்டி வண்டியாகப் பச்சை எருவைக் கொண்டுவந்து ஒரே நாளில் கொட்டினான்.

பேச்சி மெல்லச் சொன்னாள்: "மணல் இவ்வளவு தாங்குமா? மக்க வச்சு, கொஞ்சங் கொஞ்சமாப் போடுவோமே."

"ஏட்டி, கிழங்குக்குச் சங்குல பால் புகட்டச் சொல்லுதியா?" என்று சிரித்தான்.

மழை பெய்தது. கொடி படர்ந்தது, வரப்பைத் தாண்டியது, குடிசைக் கூரையிலும் ஏறியது. கொம்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை.

கிழங்கு தோண்டுகிற அன்று ராஜாவே வந்தார். கொம்பையா கொழுத்த கொடியாகப் பார்த்துத் தோண்டினான். நூலாட்டம் வேர். இரண்டாவது கொடி. அதிலும் வேர்தான். மூன்றாவதையும் தோண்டினான். சுண்டுவிரல் அளவுகூடக் கிழங்கில்லை!



ராஜா முகம் சிவந்தது. "அள்ளின எருவெல்லாம் எங்கேடா? வித்துட்டியா? எங்கே போச்சுன்னு காட்டு. இல்லைன்னா பெண்டாட்டி பிள்ளையோட இப்பவே சீமையை விட்டுப் போ!"

"சத்தியமா இங்கேதான் கொட்டினேன், சாமி!" மணலைக் கிளறினான். வெள்ளை மணல். இன்னும் கிளறினான். வெள்ளை மணல்தான்.

காவலாட்கள் குடிசைக்குள் புகுந்து சட்டிபானையை வெளியே வீசினார்கள். பிள்ளையின் தொட்டிலையும் அறுத்தார்கள்.

வேற்று ஆள் முன்னால் பேசியே அறியாதவள் பேச்சி. பிள்ளையைப் புருஷன் கையில் திணித்தாள். தாங்கள் தண்ணீர் எடுக்கும் பள்ளத்து ஊற்றுக்கு ஓடினாள். செம்பு நிறைய மொண்டுவந்து நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்க, ராஜா!"

ஒரு காவலாள் வாளையே உருவிவிட்டான். ராஜா செம்பை வாங்கி வாயருகே கொண்டுபோனார். குப்பென்று அடித்தது சாணி நாற்றம்.

"மழை பெஞ்சதிலேருந்து ஊத்து இப்படித்தான் நாறுது. போட்ட எருவிலே பாதி இலையாப் போச்சு, மீதி மணல் வழியா இதுக்குள்ள இறங்கிருச்சு. எருவை வித்துத் தின்னிருந்தா இதையா குடிப்போம்?"

ராஜா செம்பைக் கீழே வைத்தார். "இன்னொரு போகம் இருங்க. எருக்கூடை மட்டும் இனி இவ கையிலே இருக்கட்டும்."

அடுத்த போகத்தில் பேச்சி மக்கின எருவைச் சாம்பலோடு கலந்து, பிடி பிடியாக, விட்டு விட்டு வைத்தாள். கொடி சின்னதுதான். ஆனால் அடியிலே மணல் வெடித்துக் கிடந்தது.

"ஏட்டி, ஓடி வா! நம்ம பிள்ளை தலைத் தண்டி கிழங்கு!" என்று அலறினான் கொம்பையா.

ஆகையால் மக்களே, கொடுக்கிற நம் கையில் எவ்வளவு இருக்கிறது என்று பாராமல், வாங்குகிறது எவ்வளவு தாங்கும் என்று பார்த்தே கொடுக்க வேண்டும்.