படுக்கை சைக்கிளில் கிளம்பிய நீர்நாய்

கீழ்க்குளத்தில் பவளம் என்றொரு நீர்நாய் இருந்தாள். அவளுடைய அக்கா வாக்கப்பட்டுப் போனது மேல்குளத்துக்கு. இரண்டு குளத்துக்கும் நடுவே மூன்று மலைகள். அந்த மலைப்பாதை சிறுத்தைக்குச் சொந்தம்.

ஆனாலும் ஆண்டுக்கொரு நாள், அடைமழைக் காலத்தில், காட்டு மிருகங்கள் எல்லாம் கூட்டமாக அந்தப் பாதையில் மேல்குளம் வரைக்கும் சைக்கிள் சவாரி போகும். அன்றைக்கு மட்டும் சிறுத்தை வழி விடும். அதுவும் பொழுது சாயும் வரைக்கும்தான்.

அக்காவைப் பார்த்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. பவளத்துக்கு மீன் தொண்டையில் இறங்கவில்லை. மேல்குளத்திலிருந்து ஓடை வழியாக ஓர் இலை மிதந்து வந்தால்கூட, அதை மோந்து பார்த்துவிட்டுத்தான் விடுவாள். ஏங்கியே பாதி உடம்பாகிவிட்டாள்.

"இந்த வருஷம் நானும் சவாரி போறேன்" என்று ஒருநாள் தீர்மானித்துவிட்டாள்.

நீர்நாய்க்கு உடம்பு நீளம், கால் குட்டை. சாதாரண சைக்கிளில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தால் உயிர் போகும். மல்லாந்து மிதப்பதென்றால் அவளுக்கு நாளெல்லாம் முடியும். அதனால் இரண்டு சக்கரத்துக்கு நடுவே தாழ்வாக ஒரு மூங்கில் சாய்வு கட்டி, பெடலை முன்னால் வைத்துக்கொண்டாள். படுத்துக்கொண்டே மிதிக்கும் சைக்கிள் தயார்!

மீன்கொத்தியிடம் அக்காவுக்குச் சேதி சொல்லி அனுப்பினாள். மீன்கொத்தி பதில் கொண்டுவந்தது.

"உங்க அக்கா அழுதுட்டா பவளம். வெள்ளம் ஏறுதாம். சவாரி அன்னிக்குச் சாயங்காலம் அவங்க கூட்டமே அணைப்பக்கம் போகுதாம். அதுக்குள்ள வந்தா உன்னையும் கூட்டிட்டுப் போவாளாம். ஆனா எல்லாரும் மழைக்கு வாழையிலையைத் தலையில கவுத்துக்கிட்டு வருவீங்களே, உன்னை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேக்குறா."

"படுத்துக்கிட்டு வர்றது நான் ஒருத்திதான்னு சொல்லு" என்றாள் பவளம்.

சவாரி நாள் வந்தது. கொம்பு ஊதியதும், எல்லாரும் தலையில் வாழையிலையைக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினார்கள். மழையோ மழை. மற்றவர்களுக்கு அது முதுகில் விழுந்தது. பவளத்துக்கு நேராக மூக்கில் விழுந்தது.

முதல் மேட்டிலேயே எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள். படுத்துக்கொண்டு மேடேறுவது லேசுப்பட்ட காரியமா?

"ஏம்மா, கட்டிலைத் தூக்கிக்கிட்டு எங்க கிளம்பிட்ட?" என்றது ஒரு குரங்கு.

"சத்தம் போடாதீங்கப்பா, பிள்ளை தூங்குது!" என்றது முயல்.

பவளத்துக்குக் காது சூடேறியது. ஆனால் இறக்கம் வந்ததும் கதை மாறிவிட்டது. தாழப் படுத்திருந்ததால் காற்று அவளைத் தடுக்கவில்லை. சிரித்தவர்களை எல்லாம் விட்டுவிட்டுச் சர்ரென்று போய்விட்டாள். இரண்டாம் மலையிலும் இதே கதைதான்.

இதை ஒரு மரநாய் கவனித்துக்கொண்டே வந்தது. மூன்றாம் மலையின் உச்சியைத் தாண்டினால் மேல்குளம் வரைக்கும் ஒரே இறக்கம். முதலில் போய்ச் சேர்பவருக்கு மாலை மரியாதை உண்டு. மரநாய்க்கு அந்த மாலைமேல் ஒரு கண்.

உச்சிக்குச் சற்றுக் கீழே கரடி சுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தது. மரநாய் பவளத்தின் பக்கத்தில் வந்து நின்றது.

"உங்க அக்காவையா பாக்கப் போற?"

"ஆமாண்ணே. இன்னிக்கு விட்டா இல்ல."

"நல்லது. ஆனா ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? மேல்குளத்துக் கரையில ஊரே நிக்கும். அவளோட சொந்தக்காரங்க எல்லாம் நிப்பாங்க. நீ இப்படிக் கட்டில்ல மல்லாந்து போய் இறங்கினா, பாவம், உங்க அக்கா முகத்தை எங்க வெச்சுக்குவா?"

பவளத்தின் கையில் காப்பி ஆறிப்போனது. தன்னைக் கேலி செய்ததை அவள் தாங்கிக்கொண்டாள். அக்காவைக் கேலி செய்வார்களே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"என் சைக்கிளை எடுத்துக்க. நாலு பேர் மாதிரி நிமிர்ந்து போ. உன்னோடதை நான் எப்படியாவது சமாளிச்சு ஓட்டிட்டு வரேன்" என்றது மரநாய், ஏதோ தியாகம் செய்வது போல.

அந்த நினைப்பில், அக்காவுக்குச் சொல்லி அனுப்பிய அடையாளம் பவளத்துக்கு மறந்தே போனது. சரியென்றாள். மரநாய் உச்சிவரை படுக்கை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், அங்கே ஏறிப் படுத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிட்டது.

பவளம் நிமிர்ந்து உட்கார்ந்து இறக்கத்தில் விட்டாள். ஈர மண்ணில் சக்கரம் வழுக்கியது. பிரேக் பிடிக்கவில்லை. கால் ஊன்றலாம் என்றால் தரை எட்டவில்லை. விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். கடைசியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு, 'இதோ வந்துட்டேங்கா, இதோ வந்துட்டேன்' என்று முனகியபடியே மலை முழுவதும் நடந்து இறங்கினாள்.

கரைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மரநாய் கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தது. குளத்தில் ஒரு தலைகூடத் தெரியவில்லை.

"என் அக்கா எங்க?" என்று பவளம் கேட்டாள்.

மரநாய் வேறு பக்கம் பார்த்தது. மாலை போடுவதற்காகக் கரையில் நின்ற முள்ளம்பன்றிதான் பதில் சொன்னது.

"காலையிலிருந்து அந்தப் பாறைமேலயே நின்னா தாயி. படுத்துக்கிட்டு ஒருத்தர் வர்றதைப் பாத்ததும் 'என் தங்கச்சி, என் தங்கச்சி'ன்னு சேத்துல விழுந்தடிச்சு ஓடினா. இலையை எடுத்தா இந்த மரநாய்! 'பவளம் எங்க'ன்னு கேட்டா. 'அவளுக்கு இனி இந்த சைக்கிள் வேணாமாம், என்கிட்ட கொடுத்துட்டா'ன்னு இவன் சொன்னான். நீ வழியிலேயே திரும்பிப் போயிட்டேன்னு உங்க அக்கா நினைச்சுட்டா. அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் நின்னா. அவங்க கூட்டம் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. போயிட்டா."

"நான் நிமிர்ந்து வந்தா அவளுக்குப் பெருமையா இருக்கும்னு நினைச்சேன்."

"அவ அதையெல்லாம் பாக்கலையே தாயி. நீ வர்றியான்னுதான் பாத்தா."

பவளம் தண்ணீரில் இறங்கி, "அக்கா!" என்று கூப்பிட்டாள். மழைச் சத்தம்தான் கேட்டது. அணைப்பக்கம் போகும் வழியில் வெள்ளம் சுழித்தது. கூட்டமாகப் போனால் நீந்தலாம். தனியாகப் போனால் அடித்துக்கொண்டு போய்விடும். அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு, இருட்டும் வரை அவள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றாள்.

நம்மேல் உயிராய் இருப்பவர் நம்மை நம் சொந்தக் கோலத்தில்தான் தேடுவார். ஊர் சிரிக்குமே என்று அதை மாற்றிக்கொண்டால், தேடி நிற்பவர் கண்ணுக்கே நாம் அகப்படாமல் போவோம்.