வாயில்லா உருண்டை

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பெரியவர்கள் பேசிய பேச்சில் ஒரு சொல் இடம் மாறினாலும் அர்த்தம் மாறிவிடும். என் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. அதனால் காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதுகிறேன்.

ஆறுமுகநயினார் சார் ஜெசிந்தா டீச்சரிடம் கேட்டார்.

"உங்களுக்கு மட்டும் எங்கேயிருந்து டீச்சர் தோணுது?"

அவருக்கு அறுபத்திரண்டு வயது. பாலம் கட்டும் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று, டீச்சரிடம் மண்வேலை கற்க வந்தவர். டீச்சருக்கு முப்பத்தைந்துதான். தூத்துக்குடியில், உப்பளத்தை ஒட்டிய கொட்டகையில் பீங்கான் வேலை செய்கிறவர். நான் அங்கே மண் பிசைகிறவள். சூளையில் அடுக்குவதும் என் வேலை.

டீச்சர் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தோணுது?"

"போன மாசம் உப்புப் பாத்தி காஞ்சு, வெடிச்சுக் கிடந்தது. நீங்க பாத்தீங்க, தட்டு செஞ்சீங்க. நானும் அதே பாத்தியத்தான் பாக்கேன். எனக்கு உப்புதான் தெரியுது."

"உப்பாவது தெரியுதே."

"கேலி பண்ணாதீங்க. மூணு வருசம் ஆச்சு. நான் செய்யுத கிண்ணம் எல்லாம் உங்க கிண்ணத்துக்குத் தம்பி மாதிரியே நிக்குது. எனக்குன்னு ஒண்ணு வேணும். ஒண்ணே ஒண்ணு. பழுதில்லாம."

டீச்சர் ஒரு கட்டி மண்ணை அவர் முன்னால் வைத்தார்.

"வாயே இல்லாத ஓர் உருண்டை செய்யுங்க."

"உள்ள என்ன வைக்கணும்?"

"ஒண்ணும் வேண்டாம். மூடும்போது காத்து தானா உள்ள மாட்டிக்கும்."

பதினேழு உருண்டைகள் சரிந்தன. பதினெட்டாவது நின்றது.

சார் அதைப் பிளாஸ்டிக் தாளால் மூடி மெல்ல மெல்லக் காயவைத்தார். ஸ்பூனின் முதுகால் தேய்த்துக்கொண்டே இருந்தார். மூன்று வாரம் போனது. முட்டை போல மினுங்கியது. பக்கத்தில் போகவே எனக்குப் பயம்.

டீச்சர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு."

அவர் அப்படிச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. பிறகு மேஜையில் இருந்த ஊசியை எடுத்து நீட்டினார்.

"குத்துங்க."

"எதை?"

"இதைத்தான். சூடு ஏறினா உள்ள இருக்கிற காத்தும் ஈரமும் வெளிய போக வழி வேணும்."

நயினார் சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஓட்டை போட்டா இது உண்டியல் டீச்சர்."

"போடலைன்னா இது வெடி."

"என் கையில பழுதில்லாம வந்தது இது ஒண்ணுதான். குத்த மாட்டேன்."

டீச்சர் வற்புறுத்தவில்லை. ஊசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொர்ணக்கா, இதை நடுத்தட்டுல வையுங்க. நட்ட நடுவுல."

சூளையின் நடுத்தட்டில், கண்காட்சிக்காக டீச்சர் செய்த நாற்பது உருப்படிகள் இருந்தன. ஒரு வருட வேலை. உருண்டை வெடித்தால் சூளைக்குள் இருப்பது எதுவும் மிஞ்சாது.

"டீச்சர், வேண்டாம்," என்றேன்.

"வையுங்கக்கா."

எடுத்துக்கொண்டு போனேன். கொல்லைப்புறமாகச் சுற்றிச் சூளைக்குப் போவதற்குள் கை இரண்டும் வியர்த்துவிட்டது. வைத்தேன்.

நயினார் சாரும் வந்தார். தட்டுகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"வெடிச்சா உங்க வேலையும் போயிருமே?"

"போயிரும்."

"பெறவு ஏன் நடுவுல வைக்கீங்க? ஓரமா வைக்கலாம்லா?"

"உங்களுக்குன்னு நீங்க செஞ்ச முதல் வேலை. அதை யாராவது ஓரமா வைப்பாங்களா?"



டீச்சர் கேஸ் குழாயைப் பார்க்க வெளியே போனார். என்னையும் கூட்டிக்கொண்டார். நாங்கள் திரும்பியபோது சார் சூளை வாசலில் நின்ற இடத்திலேயே நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கதவை மூடினோம். டீச்சர் லைட்டரை அவர் கையில் கொடுத்தார்.

அவர்தான் பற்றவைத்தார்.

அன்று முழுக்க என் காது சூளைப் பக்கமே இருந்தது. தெருவில் ஒரு லாரி கதவைச் சாத்தியதற்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் திறந்தோம்.

எல்லாம் முழுசாக இருந்தன. உருண்டையும்.

நயினார் சார் துள்ளுவார் என்று நினைத்தேன். அவர் சும்மா நின்றார். டீச்சர் உருண்டையை எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தில் ஊசி நுழைந்த துளை ஒன்று.

"எப்போ?"

"நீங்க கேஸைப் பாக்கப் போனப்ப." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாப்பதும் என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு டீச்சர்."

"பாத்துச்சா?"

"பாத்துச்சு."

டீச்சர் துளையை விரலால் தடவினார்.

"நான் குத்தலைன்னா?" என்று சார் கேட்டார்.

"வெடிச்சிருக்கும். அந்தச் சில்லை வச்சு என்ன செய்யலாம்னு பாத்திருப்பேன்."

சொல்லிக்கொண்டே டீச்சர் உருண்டையைக் கவிழ்த்தார். அடியில் இன்னொரு துளை.

நயினார் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது நான் போட்டது இல்ல."

"நானும் இல்ல."

"பெறவு யாரு?"

"உங்களை நம்பாதவங்க யாரோ."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். என் பக்கம் மட்டும் திரும்பவேயில்லை.

கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, திருகித் திருகி அந்தத் துளையைப் போட்டவள் நான்தான். ஊக்கு முனை உள்ளே வரை போனதா என்று சூளை திறக்கும்வரை எனக்கே தெரியாது. கீழ்த்தட்டில், ஓர் ஓரமாக, யாருக்கும் சொல்லாமல் நான் செய்த ஜாடி ஒன்று இருந்தது.