தலைவலிக்காகக் காத்திருந்த நால்வர்

மணல்மேட்டுக்குடியில் மேடு கிடையாது. பெயரில் இருக்கிறதே, அது போதும் என்று ஊர்க்காரர்கள் விட்டுவிட்டார்கள். கடலோரத்துச் சப்பை ஊர். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் விழுந்த இடத்திலேயே நிற்கும்.

அந்த ஊரில் விடியல் நடை நண்பர்கள் சங்கம் என்று ஒன்று உண்டு. உறுப்பினர்கள் நாலு பேர். தலைவர் பக்கிரிசாமி, வயதில் மூத்தவர், உயரத்தில் மற்றவர்களைவிட ஒரு சாண் குறைவு. அய்யாக்கண்ணு சைக்கிள் கடைக்காரர். வேதரத்தினம் பள்ளிக்கூடத்தில் மணி அடித்து ஓய்வு பெற்றவர். செயலாளர் தில்லைநாயகம்தான் நாலு பேரில் அறிவாளி. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

நாலு பேருக்கும் சர்க்கரை. "தினமும் குளத்தைச் சுத்தி நடங்க" என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஒன்பது வருஷமாகக் கோயில் குளத்தைச் சுற்றி வந்தார்கள். அந்தக் கோடையில் தூர்வாருவதற்காகத் தண்ணீரை இறைத்துவிட்டார்கள். மறுநாள் விடிகாலையில் நாலு பேரும் கரையில் திகைத்து நின்றார்கள்.

"தண்ணி இல்லாட்டி இது குளமாண்ணே?" என்றார் வேதரத்தினம்.

பக்கிரிசாமி குனிந்து பார்த்தார். "இல்ல. இது குழி."

"டாக்டர் குழியைச் சுத்தச் சொல்லலையே" என்றார் அய்யாக்கண்ணு.

சங்கம் ஒரு வாரம் நடக்காமல் கிடந்தது. எட்டாம் நாள் தில்லைநாயகம் வடை மடித்து வந்த காகிதத்தில் ஒரு விளம்பரத்தைப் படித்தார். இமயமலை ஏரிக்கு வழிகாட்டியுடன் நடைப்பயணம். நடை இருந்தது, ஏரி இருந்தது. எந்த ஊர்த் தண்ணீர் என்று டாக்டர் குறிப்பிட்டிருக்கவில்லை. அன்று மாலையே தீர்மானம் நிறைவேறியது.

போனில் பேசிய வழிகாட்டியின் பெயர் கேசர் சிங். திருப்பூர் பனியன் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சொந்த மலைக்கே திரும்பியவர். தமிழ்க் குரலைக் கேட்டதும் மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்னால் அதற்காக அவர் நிறைய வருத்தப்பட்டார்.

"அண்ணா, வர்றதுக்கு முன்னாடி உயரத்துக்குக் கொஞ்சம் பழகிட்டு வாங்க" என்றார்.

ஊரில் உயரம் என்றால் குடிநீர்த் தொட்டிதான். பத்து நாள் காலையும் மாலையும் நாலு பேரும் அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்தார்கள். ஒன்பதாம் நாள் தொட்டிக் காவலாளி கீழேயிருந்து, "என்ன, பழகிடுச்சா?" என்று கேட்டார்.

"எங்களுக்கு அது பழகிடுச்சு. அதுக்கு நாங்க பழகினமான்னுதான் தெரியல" என்றார் பக்கிரிசாமி.

மூன்று ரயில், இரண்டு பஸ், ஒரு ஜீப் மாறி மலையடிவாரக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கேசர் சிங் கைகூப்பி வரவேற்றார். இமயமலைக்குப் போகிறவர்களுக்கு ஞானம் வரும் என்பார்கள். ஜீப்பிலிருந்து இறங்கியதும் பக்கிரிசாமிக்கு ஏப்பம் வந்தது. ஞானத்துக்கான அறிகுறி வேறு எதுவும் யாரிடமும் தென்படவில்லை.

"நாம போற ஏரி பேரு நந்திதால். தால்னா ஏரி" என்றார் கேசர் சிங். "நாலு நாள் நடை. தாலைப் பார்த்ததும் ஒரு போட்டோ எடுத்துக்கங்க, உடனே திரும்பிடணும். அதிக நேரம் நிக்கக் கூடாது."

சாயங்காலம் சமையல்காரர் சோற்றை வைத்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மஞ்சளாக எதையோ ஊற்றி, "தால்" என்றார். அந்த ஊர்ப் பேச்சில் ஏரிக்கும் பருப்புக்கும் ஏறக்குறைய ஒரே சொல்தான். சின்ன வித்தியாசம் உண்டு. அது மணல்மேட்டுக்குடிக் காதுக்கு எட்டாது.

நாலு பேரும் கிண்ணத்தை மரியாதையோடு பார்த்தார்கள்.

"நாலு நாள்னாரு. இவ்வளவு சீக்கிரம் வந்துடுச்சே" என்றார் அய்யாக்கண்ணு.

"நாம வேகமா நடக்குற ஆளுங்க" என்றார் பக்கிரிசாமி.

தில்லைநாயகம் கிண்ணத்தை ஒரு போட்டோ எடுத்தார். பிறகு கிண்ணத்துக்குப் பின்னால் மூவரையும் நிறுத்தி இன்னொன்று எடுத்தார். கேசர் சிங் வந்து பார்த்தபோது மூட்டைகளைக் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு ஜீப்புக்காக நின்றுகொண்டிருந்தார்கள். இது சாப்பிடுகிற தால், அது பார்க்கிற தால் என்று விளக்க அவருக்கு அரை மணி நேரமானது.

மறுநாள் எல்லோரையும் பக்கத்திலிருந்த ஒரு குன்றுமேல் ஏற்றி இறக்கினார். "மலையில இதுதான் வழக்கம்ங்ணா. உயரத்துல ஏறிட்டு வந்து, கீழ படுக்கணும். அப்பதான் உடம்பு ஏத்துக்கும்."

அடுத்த நாள் காலை டீயோடு வந்த கேசர் சிங், கட்டில் நாலும் காலியாகக் கிடப்பதைக் கண்டு பதறிப் போனார். குறட்டைச் சத்தம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தார். கட்டிலுக்கு ஒருவராக நாலு பேரும் அடியில் படுத்திருந்தார்கள்.

"கட்டில்மேல ஏறி நின்னுட்டுத்தான் கீழ படுத்தோம்" என்றார் தில்லைநாயகம். "யாரும் ஏமாத்தல."

கேசர் சிங் டீயை வைத்துவிட்டு வெளியே போய்ச் சற்று நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நடை தொடங்கியது. முதல் ஓடை வந்தபோது, கற்களில் பாசி பிடித்திருந்ததால், அவர் திரும்பி நின்று கண்டிப்பாகச் சொன்னார். "நான் எங்க கால் வைக்கிறேனோ அங்கதான் நீங்களும் வைக்கணும். நான் என்ன பண்றேனோ அதையேதான் பண்ணணும். சொந்த புத்தி வேண்டாம்."

அது ஒன்று மட்டும் அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

மூன்றாவது கல்லில் கேசர் சிங்குக்கே சறுக்கிவிட்டது. ஐஸ் போன்ற தண்ணீரில் இடுப்பளவு உட்கார்ந்துவிட்டார். எழுந்து கரையேறித் திரும்பினால், பக்கிரிசாமி அதே கல்லில் நின்று, இடம் பார்த்து, சறுக்கி, உட்கார்ந்துகொண்டிருந்தார். அடுத்தது வேதரத்தினம். அய்யாக்கண்ணு சறுக்காமலே நேராகப் போய்த் தண்ணீரில் உட்கார்ந்தார்.

"அது கணக்குல வராது. போய்ச் சறுக்கிட்டு வா" என்று தில்லைநாயகம் அவரைத் திருப்பி அனுப்பினார்.

"அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல?" என்றார் நனைந்த அய்யாக்கண்ணு, இரண்டாம் முறை நனைந்துகொண்டே.

"நிச்சயம் இருக்கும். வழிகாட்டி சும்மா உட்காருவாரா?"

நாலு நாளும் கேசர் சிங் விடாமல் சொல்லி வந்தது ஒன்றுதான். உயரத்தில் காற்று மெலிந்துவிடும். தலைவலிதான் முதல் எச்சரிக்கை. அதை யாரும் மறைக்கக் கூடாது, அதில் பொய்யும் கூடாது. "ஒருத்தருக்குத் தலை வலிச்சாலும் எல்லாரும் கீழ இறங்கணும். வலிக்கலைன்னா மேல போலாம்." காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நாலு தலைகளையும் விசாரிப்பார். தில்லைநாயகம் அதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஏரி வந்தது.

மூன்று பக்கமும் பனிமலை. நடுவில் தண்ணீர், நீலமா பச்சையா என்று முடிவு செய்யாமல் கிடந்தது. சத்தம் என்று எதுவும் இல்லை. தில்லைநாயகம் தொப்பியைக் கழற்றினார்; காது குளிர்ந்ததும் திரும்ப மாட்டிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு தண்ணீரை இவ்வளவு அமைதியாக அவர் பார்த்ததில்லை.

"இதைத் தூர்வார மாட்டாங்கல்ல?" என்று பக்கிரிசாமி மெல்லக் கேட்டார்.

"மாட்டாங்கண்ணே."

கேசர் சிங் காற்றுக்கு மறைவாக ஒரு பாறைக்குப் பின்னால் டீ போடப் போனார். "கூடாரம் கீழ இருக்கு. ஒரு மணிக்குள்ள இறங்கிடணும், பனி கொட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். தில்லைநாயகம் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார்.

"யாருக்காவது தலை வலிக்குதா?"

யாருக்கும் வலிக்கவில்லை. உள்ளே எதுவும் நடமாடாத தலைகள். வலிக்கு அங்கே வேலையில்லை.

"வலிக்கலைன்னா மேல போலாம்னுதான் இருக்கு" என்றார் தில்லைநாயகம்.

"ஏரிதான் வந்துடுச்சே" என்றார் வேதரத்தினம்.

"ஏரியைப் பத்தி இதுல ஒரு வார்த்தை இல்ல. தலையைப் பத்தித்தான் இருக்கு."

"ஒரு மணிக்கு இறங்கணும்னாரே?"

"இறங்கணும்தான். தலை வலிச்சாத்தானே இறங்க முடியும்?"

ஏரிக்குப் பின்னால் கல் சரிவு ஒன்று நெட்டுக்குத்தாக நின்றது. நாலு பேரும் அதில் ஏறினார்கள். மூச்சு வாங்கியது, முட்டி தேய்ந்தது, தலை மட்டும் கிண்ணென்று தெளிவாக இருந்தது. முக்கால் மணி நேரத்தில் உச்சிக்கு வந்துவிட்டார்கள். அதற்கு மேல் வானம்தான்.

இப்போது சிக்கல் புரிந்தது. மேலே போக மலை இல்லை. கீழே போக வலி இல்லை.

"என்ன பண்றது?" என்றார் பக்கிரிசாமி.

"காத்திருக்கணும். யாருக்காவது வலிக்கும்."

மேற்கே மேகம் கறுத்துத் திரண்டது. குளிர்காற்று அடித்தது. வேதரத்தினத்தின் உதடு நீலம் பாரித்தது, பல் தந்தியடித்தது. கீழே கேசர் சிங் டீப் பாத்திரத்தோடு அங்குமிங்கும் ஓடுவது எறும்பளவில் தெரிந்தது. அவர் கத்தியது காற்றில் கலைந்து, பாதிதான் வந்து சேர்ந்தது.

"பொய்யா ஒரு தலைவலியைச் சொல்லிட்டு இறங்கிடலாமா?" என்றார் அய்யாக்கண்ணு.

"தலைவலி விஷயத்துல பொய் கூடாதுன்னாரு" என்றார் தில்லைநாயகம். தாளைப் படித்துக் காட்டி இவர்களை மேலே கூட்டி வந்தது தான்தானே என்று முதல்முறையாக உறைத்தது. வேதரத்தினத்தின் கைகளை எடுத்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வாழ்நாளில் எத்தனை தலைவலிகளை மாத்திரை போட்டு வீணடித்திருக்கிறோம் என்று நினைத்தபோது கண்ணீர் வந்தது. அதில் ஒன்றே ஒன்று இப்போது கிடைத்தால் போதும்.

முயற்சி செய்யாமல் இருக்கவில்லை. அய்யாக்கண்ணு பாறையில் முட்டிக்கொண்டார். அது அடிபட்ட வலி, தலைவலி ஆகாது என்று தீர்ப்பானது. பக்கிரிசாமி தன் வீட்டுப் பாகப்பிரிவினை வழக்கை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். ஊரில் அதைக் கேட்டுத் தலை வலிக்காதவர் கிடையாது. ஆனால் இரண்டாவது வாய்தாவுக்குள் காற்று பாதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. மீதி சுவாரஸ்யமாக இருந்தது.

முதல் பனித்துகள் விழுந்தபோது கேசர் சிங் கைகளும் கால்களுமாகத் தவழ்ந்து மேலே வந்து சேர்ந்தார். மூச்சுத் திணறியது.

"இங்க... எதுக்கு... உட்கார்ந்திருக்கீங்க?"

"யாருக்கும் தலை வலிக்கல" என்றார் தில்லைநாயகம் தழுதழுத்து. "எப்படி இறங்குறதுன்னு தெரியல."

கேசர் சிங் அவரையே பார்த்தார். பிறகு மற்ற மூவரையும் பார்த்தார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, எனக்குத் தலை வலிக்குதே" என்றார்.

நாலு முகமும் மலர்ந்தன. அந்த மனுஷன் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அய்யாக்கண்ணு ஒரு காலையும் தில்லைநாயகம் ஒரு காலையும் பிடித்துத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். பக்கிரிசாமி தலையைத் தாங்கிக்கொண்டார், வலிக்கிற தலை ஆயிற்றே. வேதரத்தினம் முன்னால் ஓடி, "வலிக்குது, வலிக்குது, வழி விடுங்க" என்று யாருமில்லாத மலைக்கு அறிவித்துக்கொண்டே போனார். ஏறும்போது முக்கால் மணி நேரம் பிடித்த சரிவில் எட்டு நிமிஷத்தில் இறங்கினார்கள். அங்கே நிற்கவில்லை, கூடாரத்துக்குள் கேசர் சிங்கைக் கிடத்திய பிறகுதான் நின்றார்கள். அப்புறம் பனி கொட்டு கொட்டென்று கொட்டியது. அன்று மேலே இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

அடிவாரத்துக்குத் திரும்பியதும் கேசர் சிங் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார். ஹிந்தியில் இருந்ததால் தில்லைநாயகத்துக்கு விரல் வைத்துப் படித்துக் காட்டினார். "இது உங்க பேரு. இது உயரம். நாலாயிரத்து இருநூறு மீட்டர்."

"எல்லாருக்கும் ஒரே உயரமா?"

"எல்லாருக்கும் ஒரே உயரம்தானுங்ணா" என்றார் கேசர் சிங், சீக்கிரம் அனுப்பி வைக்கிற அவசரத்தில்.

பக்கிரிசாமி சான்றிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அறுபத்து மூன்று வருஷமாக எல்லோரையும் அண்ணாந்தே பார்த்துப் பேசியவர்.

திரும்பும் வழியெல்லாம், ரயில் ஏதாவது ஒரு பாலத்துக்கு அடியில் போகும்போது நாலு பேரும் குனிந்துகொண்டார்கள்.

தில்லைநாயகம் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். மனைவி சௌந்தரவல்லி கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்களேன்."

"முடியாது. நிலை இடிக்கும். கொத்தனாரைக் கூப்பிடு" என்று சான்றிதழை எடுத்து நீட்டி விவரம் சொன்னார்.

அவள் அதைப் பார்த்தாள். அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள்.

"இது போறப்ப போட்டுட்டுப் போன சட்டைதானே?"

"ஆமா."

"நீங்க இவ்வளவு வளர்ந்திருந்தா, இந்தச் சட்டை எப்படிங்க பத்துது?"

தில்லைநாயகத்துக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குளத்தங்கரையைத் தாண்டி எங்கேயும் போகாதவள்.

"சட்டை மட்டும் வீட்லயா இருந்துச்சு?" என்றார் பொறுமையாக. "அதுவும் என்கூட மேல வந்துச்சுல்ல?"