ஸுஆத் சொன்ன பதில்

"எழுத எனக்கு ஓர் இடம் வேண்டும்," என்றாள் உமைமா. "எங்கே ஒளித்து வைத்தாலும் வாப்பா கண்டுபிடித்துவிடுகிறார். நேற்றும் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார்."

அவள் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

ஸப்வா பஸ்ரா நகரில் தன் வீட்டில் பெண்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பவள். கவிதையும் எழுதுவாள். ஓதப் போவதென்றால் மட்டும் உமைமா வீட்டுப் படி தாண்டலாம். தந்தையே கொண்டுவந்து விடுவார், தந்தையே வந்து அழைத்துப் போவார். இருபத்தாறு வயதிலும் அப்படித்தான்.

ஸப்வா ஒரு தாளையும் பேனாவையும் பாயில் வைத்தாள்.

"இங்கே எழுது."

"எதை?"

"உன்னை உட்காரவிடாமல் செய்வதை."

உமைமா உட்கார்ந்தாள். மளமளவென்று எழுதினாள்.

'பதினைந்து வயதில் என் தங்கை ஸுஆதுக்கு நிக்காஹ் பேசினார்கள். சம்மதமா என்று வாப்பா கேட்டார். இல்லை என்றாள்.'

பேனா நின்றது. வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கடைசி இரண்டு சொற்களை அடித்தாள்.

"அவள் அப்படிச் சொல்லவில்லையா?" என்று கேட்டாள் ஸப்வா.

"சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாப்பா வெளியே போய், மாப்பிள்ளை வீட்டாரிடம், 'பிள்ளை வெட்கப்படுகிறாள், சம்மதம்தான்' என்று சொல்லிவிட்டார்."

"பின் ஏன் அடித்தாய்?"

"வாப்பா பார்த்தால்…"

ஸப்வா எழுந்தாள். கதவைத் திறந்து தெருவை இரு பக்கமும் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"உன் வாப்பா இங்கே இல்லை," என்றாள். "அடித்தது யார்?"

உமைமாவுக்கு முகம் சிவந்தது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. அதே சொற்களை மறுபடி எழுதினாள். அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்தது. வேறு தாள் எடுத்தாள். முதலிலிருந்து எழுதினாள். இந்த முறை எங்கும் நிற்கவில்லை.

வெளியே செருப்புச் சத்தம். கதவு தட்டப்பட்டது.

"உமைமா, நேரமாகிவிட்டது. வா."

தந்தையின் குரல்.

ஸப்வா மெதுவாகக் கையை நீட்டினாள். "கொடு, நான் மறைத்து வைக்கிறேன்."

"வேண்டாம்," என்றாள் உமைமா, தலை நிமிராமல். "உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்கள். அன்று அவர் வெளியே போய்ச் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்."